மறுபக்கக் கைப்பிடி

காலைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா வச்சுக்கறீங்களா சார்? டிரம்ல இடிக்குது. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க காலுக்காகச் சொல்லல, டிரம்முக்காகத்தான் சொல்றேன். உள்ள மாவு சார். இட்லி மாவு, நாப்பது கிலோ. பயப்படாதீங்க, மூடி மேல கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கேன். ஒரு சொட்டு வெளிய வராதுன்னு கண்டக்டர்கிட்ட சத்தியம் பண்ணித்தான் ஏத்தினேன். அப்பவும் லக்கேஜுக்கு ரெண்டு டிக்கெட் கிழிச்சான் மனுஷன். டிரம்முக்கு ஒண்ணு, டிரம்முக்குள்ள இருக்கறதுக்கு ஒண்ணு போல.

ஓசூர்தானே? நானும் அங்கதான். சூளகிரியில ஏறினேன், பாத்திருப்பீங்களே. டீக்கடை மாஸ்டர் ஒரு பக்கம் புடிச்சார், நான் ஒரு பக்கம். வழக்கமா என் வண்டியிலயே கட்டி எடுத்துட்டுப் போயிருப்பேன். இன்னைக்குன்னு பாத்து வண்டி ஸ்டார்ட் ஆகல. உதைச்சு உதைச்சு காலு வீங்கிப்போச்சு.

சாயங்காலம் இந்த மாவுல இட்லி ஊத்தணும் சார். ஓசூர்ல ஒரு லேடீஸ் ஆஸ்டல். கம்பெனிக்கு வேலைக்குப் போற பொண்ணுங்க, நூத்துக்கு மேல இருக்காங்க. இன்னைக்கு ஒரு நாள் சாம்பிள். இட்லி நல்லா வந்துச்சுன்னா நாளையிலிருந்து தினமும் நாப்பது கிலோ என் கடையிலிருந்துதான். வரலைன்னா... வராம என்ன, வரும். வந்தே ஆகணும். வரலைன்னா என் பொண்டாட்டி கடையை விட்டுட்டு வேலைக்குப் போயிடுவா. அவ போயிட்டா கடை போச்சு. இதுதான் விஷயம்.

ஏன் சார் வண்டி நிக்குது? சிக்னல் கூட இல்லையே இங்க. கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்.

கன்டெய்னர் கவுந்துடுச்சா? ஐயையோ. ரோட்டுக்குக் குறுக்கவா? பேரண்டப்பள்ளி தாண்டிட்டா அப்புறம் ஓசூர் வந்த மாதிரிதான், அதுக்குள்ள போயா கவுக்கணும்? நேத்து கவுத்திருக்கலாம், நாளைக்குக் கவுத்திருக்கலாம். சரி, கிரேன் வரும். வந்துடும் சார். வராம போயிடுமா.

இந்த டிரம் சூடா இருக்குதா பாருங்க. சும்மா கையை வச்சுப் பாருங்க. வெதுவெதுன்னு இல்ல? வெயிலுக்குத்தான். வெயிலுக்குத்தான் இருக்கும்.

நான் முன்னாடி கம்பெனியிலதான் இருந்தேன் சார். பதினோரு வருஷம். பேரு வேண்டாம், பெரிய இடம். வண்டிக்குப் பார்ட்ஸ் செய்யறவங்க. லைன் சூப்பர்வைசர் வரைக்கும் வந்துட்டேன். இருபத்திரண்டாயிரம் சம்பளம், கம்பெனி பஸ், கம்பெனி சாப்பாடு. வெளிய இருந்து பாத்தா ராஜா. உள்ள வந்து பாத்தாத்தான் தெரியும். புதுசா ஒரு மேனேஜர் வந்தான். மீசை கூட சரியா முளைக்கல. "முனிரத்தினம், பாத்ரூம் போறதுக்கு இவ்வளவு நேரமா?"ன்னு எல்லார் எதிர்லயும் கேக்கறான். என் லைன்ல இருக்கற பொண்ணுங்க எல்லாம் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்குது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. நாம பாடுபடறோம், ராவு பகல்னு பாக்காம உழைக்கறோம், நல்லாச் செஞ்சான்னு சொல்ல ஒரு ஆளு இல்ல, ஆனா குறை சொல்ல மட்டும் தலைக்கு மேல ஒருத்தன் நிக்கறான். இது என்ன பொழைப்பு? மறுநாள் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.

மஞ்சுளாகிட்ட கேட்டேனா? கேக்கல. மஞ்சுளா என் சம்சாரம். வந்து சொன்னேன். "இனிமே நமக்கு மேல யாரும் கிடையாது, மாவுக் கடை போடறோம்"னேன். அவ "யாரு அரைக்கறது?"ன்னு கேட்டா. கிரைண்டர் அரைக்கும்னேன். இந்தப் பொம்பளைங்களுக்கு எதையும் நல்ல மனசோட ஆரம்பிக்கவே தெரியாது சார்.

தொழில்ல ஜெயிக்கணும்னா செலவைக் குறைக்கத் தெரியணும். எங்க ஏரியாவுல மூணு பேரு மாவுக் கடை போட்டு மூடிட்டாங்க. ஏன்? ஒருத்தன் வாடகை குடுத்தே காலியானான். இன்னொருத்தன் வட்டி கட்டியே காலியானான். மூணாவது ஆளு ரெண்டு பொம்பளைங்களைச் சம்பளத்துக்குப் போட்டான், அதுங்க சம்பளமே அவனைத் தின்னுடுச்சு. நான் அந்த மூணும் இல்லாம நடத்தறேன் சார். வாடகை எனக்கு இல்ல, வீட்டு முன்ரூம்தான் கடை. அங்க முன்னாடி ஒரு டெய்லர் இருந்தான், மாசம் நாலாயிரம் குடுத்துக்கிட்டு. அவனைக் காலி பண்ணச் சொல்லிட்டு நான் உக்காந்துட்டேன். சொந்த இடம், எவனுக்கும் பைசா குடுக்க வேண்டியதில்ல. வட்டி? கடனே வாங்கலையே. என் பி.எஃப். பணம் சும்மா கிடந்தது, எடுத்து கிரைண்டர், பிரிட்ஜ், சீல் போடற மிஷின் எல்லாம் வாங்கிட்டேன். ஆளு கூலி கிடையவே கிடையாது. வீட்டு ஆளுங்கதான்.

அரிசி, உளுந்து, கரண்டு, கவர். நாலே நாலு செலவு. எல்லாம் போக மாசம் பதினேழாயிரம் கையில நிக்குது சார். சுத்தமா. என்ன சொல்றீங்க? கம்பெனியில இருபத்திரண்டு வாங்கினேனேன்னா? அது சம்பளம் சார். இது லாபம். ரெண்டும் ஒண்ணா? அங்க அவன் குடுத்தான், இங்க நான் எடுக்கறேன்.

ஒரு நிமிஷம். உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சே, கேட்டுச்சா? டயரா? பஸ் டயரா இருக்கும்.

இல்ல, டிரம்தான்.

ஒண்ணுமில்ல சார், நீங்க உக்காருங்க. மாவு மூச்சு விடுது. பொங்கினா அப்படித்தான். சொல்லப்போனா எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்தான். ஏன்னு கேளுங்க. இந்த மாவு நான் கலக்கின மாவு. கடை போட்டதுல இருந்து இன்னைக்குத்தான் முதல் தடவை என் கையால கலக்கியிருக்கேன்.

எங்க தெருவுல ஒரு பேச்சு உண்டு. மஞ்சுளா கை பட்டா மாவு பொங்கும்னுவாங்க. கைராசியாம். பக்கத்து வீட்டு அம்மா தன் வீட்டுக்கு அரைச்ச மாவையே எடுத்துட்டு வந்து, "ஒரு தடவை கையை விட்டுக் கலக்கிக் குடு மஞ்சு"ன்னு நிக்கும். எனக்கு எரிச்சலா வரும். கிரைண்டர் என் பணத்துல வாங்கினது, அரிசி நான் மண்டியில பேரம் பேசி எடுத்துட்டு வந்தது, பேரு மட்டும் அவ கைக்கு. ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல்னு நான் கலக்கி வச்சேன், போன வருஷம், வீட்டுக்கு மட்டும் கொஞ்சம்தான். அது அப்படியே கல்லு மாதிரி படுத்துக் கிடந்துச்சு. இட்லி ஊத்தினா தட்டையா வந்துச்சு, பொண்ணு எடுத்து சுவத்துல ஒட்டிக் காமிச்சா. அதனால அதை நான் கணக்குல சேத்துக்கல. இதுதான் முதல் தடவை.

அவ என்ன பண்றா சொல்லுங்க. மிஷின்தான் அரைக்குது. அவ சும்மா பக்கத்துல நிக்கறா. காலையில நாலு மணிக்கு எழுந்து ஊறின அரிசியைக் களைஞ்சு போடுவா. உளுந்து எவ்வளவு தண்ணி கேக்குதுன்னு தொட்டுத் தொட்டுப் பாத்து ஊத்துவா, ஒவ்வொரு மூட்டைக்கும் அது மாறுமாம். அப்புறம் வழிச்சு, உப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்குவா. கவர்ல அடைப்பா, எடை போடுவா, சீல் வைப்பா. கிரைண்டரைக் கழுவித் துடைப்பா, மறுநாளைக்கு ஊற வைப்பா. அவ்வளவுதான். மத்த நேரமெல்லாம் வீட்டுலதானே இருக்கா, சும்மா.

சத்தம் நின்னுடுச்சு. பாத்தீங்களா, நான் சொன்னேன்ல.

கிரேன் வந்துச்சா? இன்னும் இல்லையா. அந்த டிரைவர் பாருங்க, இறங்கிப் போய் நிழல்ல நின்னு பீடி புடிக்கறான். சம்பளக்காரன் சார். வண்டி ஓடினாலும் காசு, நின்னாலும் காசு. அவனுக்கென்ன.

இந்த ஆஸ்டல் விஷயம் எப்படி வந்துச்சுன்னா, ரெண்டு மாசம் முன்னாடி அங்க சமைக்கற அம்மாவுக்கு ஆபரேஷன். அவசரத்துக்கு யாரோ நம்ம கடையைச் சொல்லி, மாவு கேட்டாங்க. எனக்கு மண்டியில வேலை இருந்துச்சு, அதனால மஞ்சுளாவே பஸ்ல எடுத்துட்டுப் போனா. போனவ சும்மா குடுத்துட்டு வரணுமா இல்லையா? அங்க பெரிய கிரைண்டர் ஒண்ணு தூசி புடிச்சுக் கிடந்துச்சாம். அதைக் கழுவி, அவங்க அரிசியிலயே அரைச்சுக் காட்டிட்டு வந்திருக்கா. மறுநாள் அந்தப் பொண்ணுங்க எல்லாம் எக்ஸ்ட்ரா இட்லி கேட்டுச்சாம். அந்த வார்டன் அம்மா உடனே புடிச்சுக்கிச்சு. ஸ்டெல்லா மேடம்னு பேரு. "நீ இங்கயே வந்துடு, சமையல்கட்டுப் பொறுப்பு முழுசும் உனக்கு, சம்பளம் போட்டுத் தரேன்"னு சொல்லியிருக்கு.

இவ வந்து என்கிட்ட சொல்றா. மூஞ்சியெல்லாம் வெளிச்சமா இருக்குது. நான் சிரிச்சேன் சார். நெஜமாவே சிரிப்பு வந்துடுச்சு. சொந்தக் கடையை வச்சுக்கிட்டு எவளாவது அடுத்தவன் கிட்ட கை கட்டிச் சம்பளத்துக்கு நிப்பாளா? அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும், பதினோரு வருஷம் பட்டவன் நான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்னேன்.

"சொந்தக் கடைங்கறீங்களே, யாருக்குச் சொந்தம்?"ங்கறா.

"நமக்குத்தான்."

"அப்ப எனக்கு எவ்வளவு?"

"ஏன், வீட்டுச் செலவுக்குக் குடுக்கறேனே."

"அது வீட்டுக்கு. நான் எனக்குக் கேட்டேன்."

இதுவும் ஒரு கேள்வியா சார்? கல்யாணத்துக்கு முன்னாடி மாங்கா மண்டியில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தவ, அந்தப் புத்தி போகல. அப்புறம் சொல்றா, "ஒரே ஒரு மாசம் என் இடத்துல ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் லாபம் எவ்வளவுன்னு என்கிட்ட சொல்லுங்க." வீட்டுல ஆளு இருக்கும்போது எதுக்கு வெளியில ஆளுன்னு கேட்டேன். அவ விடல. "அங்க எனக்கு எவ்வளவு தரேன்னு சொன்னாங்க, அதையாவது கேளுங்களேன்"னா. நீதான் போகப் போறதில்லையே, அது எவ்வளவா இருந்தா நமக்கென்னன்னு சொல்லிட்டு நான் டிவி போட்டுட்டேன்.

அதுக்கப்புறம் பேச்சு இல்ல. சாப்பாடு வைப்பா, பேசமாட்டா. மாவு கலக்குவா, பேசமாட்டா. வீடு வீடாவே இல்ல சார்.

நான் சும்மா விடுவேனா? நேரா ஓசூர் போனேன், அவளுக்குத் தெரியாம. வார்டன் அம்மாவைப் பாத்தேன். "மேடம், உங்களுக்கு வேண்டியது இட்லிதானே, என் பொண்டாட்டி இல்லையே? மாவு நான் தரேன். கிலோ முப்பது ரூபா. இந்த விலைக்கு இந்த ஜில்லாவுலயே எவனும் தரமாட்டான்"னேன். அந்தம்மா பேனாவை மூடி மூடித் திறந்துச்சு. "சரிங்க முனிரத்தினம், ஒரு நாள் கொண்டு வாங்க, பாத்துட்டு முடிவு பண்றேன்"னுச்சு. எப்படி என் ஐடியா? மாவு வெளியில இருந்து வந்துட்டா அரைக்கறதுக்கு ஆளு எதுக்கு? வேலையே இல்லாம போயிடும்ல. அப்ப மஞ்சுளா எங்க போவா? கடையிலதான் இருப்பா. தினமும் நாப்பது கிலோ கூட விக்கும், வீட்டுலயும் சண்டை ஓயும்.

நேத்து ராத்திரி அவகிட்ட விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவான்னு பாத்தா, "என் வேலையைக் கெடுக்க என் கையாலயே மாவு கலக்கச் சொல்றீங்களா?"ன்னு ஒரே ஒரு கேள்வி. போய்ப் படுத்துட்டா.

காலையில நாலு மணிக்கு கிரைண்டர் சத்தம் வரல சார். எனக்கு முழிப்பு வந்துடுச்சு, அந்தச் சத்தம் இல்லாததுனாலயே. எழுந்து பாக்கறேன், அவ குளிச்சுட்டு, பொண்ணு ஸ்கூல் பங்ஷனுக்குக் கட்டற அந்த நீலப் புடவையைக் கட்டிக்கிட்டு இருக்கா. எனக்கு வந்த கோவத்துக்கு நானே கிரைண்டர் ரூமுக்குப் போய் சுவிட்சைப் போட்டேன். ஏன், எனக்கு வராதா? கதவுகிட்ட வந்து நின்னு, "நான் போறேங்க"ன்னா. எங்கன்னு நான் கேக்கல. கேட்டா நாம இறங்கிப் போன மாதிரி ஆயிடும் பாருங்க. பாகலூர்ல அவ அம்மா வீடு இருக்கு, அங்கதான் போயிருப்பா. ரெண்டு நாள் இருந்துட்டு வருவா.

மறுபடியும் சத்தம். சார், மூடி நேரா இருக்குதா, இல்ல மேல தூக்கிக்கிட்டு இருக்குதா? நடுவுல உப்பின மாதிரி இருக்கே? கயிறு இவ்வளவு இறுக்கமா நான் கட்டலையே.

உங்ககிட்ட சொன்னா என்ன. என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல சார். அந்தக் கல்லு இட்லி ஞாபகம் வந்துடுச்சு. பொங்காம போச்சுன்னா மானம் போயிடும்னு, பிரிட்ஜ்ல இருந்த பழைய மாவு, புளிச்சது, அதுல ஒரு பெரிய சொம்பு எடுத்து ஊத்திட்டேன். உறைக்கு ஊத்தற மாதிரி. ஒரு கரண்டி ஊத்தணுமா ஒரு சொம்பு ஊத்தணுமான்னு யாரைக் கேக்கறது? கேக்க வேண்டிய ஆளு பஸ் ஏறிப் போயிட்டா. காலையில எட்டு மணிக்குப் பாத்தேன், அப்படியே இருந்துச்சு. அரை சொம்பு இன்னும் ஊத்தினேன்.

இருங்க, போன் வருது. வார்டன் அம்மா. நீங்க கொஞ்சம் டிரம்மைப் புடிச்சுக்குங்க.

சொல்லுங்க மேடம்! வந்துட்டே இருக்கேன் மேடம், பேரண்டப்பள்ளிகிட்ட ஒரு சின்ன டிராபிக்... ஆமாங்க... மாவா? பிரமாதம் மேடம், பூ மாதிரி இருக்கு... சரிங்க, நேரா சமையல்கட்டுக்கே கொண்டு வரேன்... யாருங்க? புதுசாச் சேந்தவங்க பாத்துச் சொல்லுவாங்களா... அவங்க சரின்னா சரியா... சரிங்க மேடம், அவங்க பேரு...

சரிங்க.

வச்சிடுச்சு.

மஞ்சுளாவாம் சார். காலையில சேந்துட்டாளாம். இன்னைக்கு மத்தியானச் சாப்பாடே அவ பொறுப்புலதானாம். என் மாவை எடுக்கலாமா வேண்டாமான்னு அவதான் பாத்துச் சொல்லணுமாம்.

நீலப் புடவை கட்டினா சார். பாகலூர் போறதுக்கு எதுக்கு நீலப் புடவை? நான் ஒரு மடையன்.

இல்ல, இருங்க, இருங்க. யோசிச்சுப் பாத்தா இதுவும் நல்லதுக்குத்தான். பாக்கப் போறது யாரு? என் பொண்டாட்டி. என் மாவை என் பொண்டாட்டியே வேண்டாம்னு சொல்லிடுவாளா? ஊரு சிரிக்காது? கவலையே இல்ல. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா ஆர்டர் என்னுது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் மத்ததைப் பேசிக்கலாம்.

கிரேன் வந்துடுச்சா! தூக்கறாங்களா? அப்பாடா. ஹாரன் அடிக்கச் சொல்லுங்க சார் அந்த டிரைவரை.

பாருங்க, அவளே போன் பண்றா. மஞ்சு... மஞ்சு, சொல்லு. பஸ்லதான் இருக்கேன். இப்ப கிளம்பிடும்... எல்லாம் நல்லா இருக்கு. பூ மாதிரி... என்னது? இல்லையே, நான் எதுக்குப் பழைய மாவு ஊத்தறேன்...

ஒரு சொம்பு.

ஒண்ணரை.

மூடியா? கயிறு கட்டியிருக்கேன். இறுக்கமாத்தான்... சரி. சரி. இப்பவே கழட்டறேன். போனை வைக்காத.

சார், ஒரு உதவி, இந்த முடிச்சைப் புடிங்க. அந்தப் பக்கம். இழுக்காதீங்க, மெதுவா, மூஞ்சியைத் தள்ளி வச்சுக்குங்க...

ஐயோ! ஐயோ, உங்க பேன்ட்டு! மன்னிச்சுக்குங்க சார், மன்னிச்சுக்குங்க. இந்தாங்க துண்டு. கண்டக்டர் சார், கத்தாதீங்க, நான் துடைச்சுடறேன், உங்க பஸ்ஸையே கழுவிக் குடுத்துடறேன், கத்தாதீங்க. மூடி எங்க போச்சு? சீட்டுக்கு அடியில. கையால அள்ளி உள்ள போடவும் முடியல, வந்துக்கிட்டே இருக்கே, எவ்வளவு வருது பாருங்க. வாடை வேற. ஏம்மா, முன்னாடி சீட்டு, பையைத் தூக்கிக்குங்கம்மா.

மஞ்சு, இருக்கியா? வெளிய வந்துடுச்சு. கொஞ்சம்தான். கால் பாகம் இருக்கும். மீதி நல்லா இருக்கு... புளிப்பா? அப்படி ஒண்ணும் இல்ல... லேசா... நீ வேணும்னா மேல கொஞ்சம் பச்சரிசி மாவு... என்ன சொல்ற?

திருப்பி அனுப்பிடுவியா?

நான் உன் புருஷன் மஞ்சு.

முதல் நாள்தான், தெரியுது... அந்தப் பொண்ணுங்க சாப்பிடணும், சரி, அதுவும் தெரியுது... இரு, நான் சொல்றதைக் கேளு. புளிப்பை விடு. இன்னைக்கு ஒரு நாள் சமாளிச்சுட்டா தினமும் நாப்பது கிலோ. கிலோ முப்பது. நமக்குத்தானே... நாளைக்கா? நாளைக்கு யாரு அரைக்கறதுன்னா என்ன அர்த்தம்? நீதான்...

ஆமா. நீ அங்கதான் இருக்க.

ஆளு போட்டுக்கறேன். ஏன், கிடைக்காதா? என்ன கேக்கும் ஒரு ஆளு, பத்தாயிரம் கேக்குமா? அதுவும் விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து... முப்பது ரூபாய்க்குக் கட்டுப்படியாகுமான்னு கேக்கறியா? இரு, என்னைக் குழப்பாத.

மஞ்சு. அங்க உனக்கு எவ்வளவு தராங்க?

ம்.

பி.எஃப்.பும் உண்டா. ம்.

சரி. வந்து பேசிக்கலாம். இல்ல, கோவமெல்லாம் இல்ல. வச்சிடறேன்.

பதினெட்டாயிரமாம் சார்.

வண்டி கிளம்பிடுச்சு. காத்து வருது, நல்லா இருக்கு.

பதினெட்டு. பதினேழுன்னு சொன்னேன்ல சார் உங்ககிட்ட, என் லாபம்? என்னைவிட ஆயிரம் ரூபா அதிகம் அவளுக்கு. சமையல் வீட்டுலயும் பாத்தா, மத்தபடி இதே வேலைக்குத்தான். அரிசி களையறது, தண்ணி பாத்து ஊத்தறது, கலக்கறது, இதுக்குத்தான். அங்க கவர்ல அடைக்கற வேலை கூடக் கிடையாது. என் கடையில அவ இதைவிட அதிகமாத்தான் செஞ்சா. அப்ப அந்தப் பதினேழு... நான் மாசா மாசம் எண்ணி வச்சுக்கிட்டு, என் சாமர்த்தியம்னு ஊரெல்லாம் சொன்னேனே, அந்தப் பதினேழு என்னது சார்?

அந்த டெய்லர் வேற நாலாயிரம் குடுத்துக்கிட்டு இருந்தான். வேணாம், அதையும் சேத்துப் பாத்தா எனக்குத் தலை சுத்திடும். அப்புறம் நான்னு ஒரு ஆளு வேற இருக்கேன். இருபத்திரண்டாயிரத்தை விட்டுட்டு வந்த ஆளு.

போன வாரம் அவ ஒண்ணு கேட்டா சார். பேசாம இருந்தவ திடீர்னு கேட்டா. "அந்த மேனேஜர் உங்களைக் கேட்டது மூணு வருஷம் ஆச்சு, இன்னும் உங்களுக்கு வலிக்குதுல்ல?"ன்னு. ஆமா, வலிக்காம இருக்குமான்னேன். நம்ம உழைப்பைப் பாக்காம ஒருத்தன் பேசிட்டா அது சாகற வரைக்கும் வலிக்கும்னு சொன்னேன். அவ சரின்னு தலையாட்டிட்டு கிரைண்டரைக் கழுவப் போயிட்டா. எனக்குப் புரிஞ்சுக்கிட்டாளேன்னு அப்ப சந்தோஷமாக்கூட இருந்துச்சு.

பாருங்க, மாவு இறங்கிடுச்சு. எவ்வளவு ஆட்டம் ஆடிச்சு, இப்ப பாதிக்கு வந்துடுச்சு. நடுவுல குழி விழுந்து கிடக்குது. வாடை உங்களுக்கும் அடிக்குதுல்ல? நீங்க சொல்லுங்க சார், வெளி ஆளு நீங்க, இதுல இட்லி ஊத்தினா நீங்க சாப்பிடுவீங்களா?

பரவாயில்ல, சொல்ல வேண்டாம்.

அவளும் சொல்லமாட்டா பாருங்க, எல்லார் எதிர்லயும் ஒண்ணும் சொல்லமாட்டா. கரண்டியில தொட்டு நாக்குல வச்சுப் பாப்பா. அப்புறம் வார்டன் அம்மாகிட்ட வேண்டாம்னு தலையை ஆட்டுவா. நல்லா இருக்குன்னு பொய் சொல்லிடுவாளோன்னு இப்ப எனக்குப் பயமா இருக்குது சார். சொல்லிட்டா நாளைக்கு இன்னொரு நாப்பது கிலோவுக்கு நான் எங்க போவேன்?

ஓசூர் வந்துடுச்சு. போகத்தான் வேணும். போகாம இதைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? மாவைக் காட்டறனோ இல்லையோ, அவ வேலை பாக்கற இடத்தையாவது பாத்துட்டு வரேன்.

கண்டக்டர் கோவத்துல இருக்கான், அவன் தொடமாட்டான். நீங்க தப்பா நினைக்கலைன்னா இறக்கறதுக்கு மட்டும் ஒரு கை புடிக்கறீங்களா? ஆட்டோ வரைக்கும். ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கு பாருங்க, தனியாளாத் தூக்க முடியாது. மறுபக்கம் எப்பவும் அவதான் புடிப்பா.

இருங்க, இருங்க சார், தூக்காதீங்க. சும்மா வேணாம். எவ்வளவுன்னு சொல்லிடுங்க. சிரிக்காதீங்க சார், நெஜமாத்தான் கேக்கறேன். எவ்வளவுன்னு முதல்ல சொல்லுங்க, அப்புறம் தூக்கலாம்.